கார் ஏசியில் ஈர வாடை: ஃபில்டரா, நுரையா, ஓசோனா, டேஷ்போர்டைக் கழற்றுவதா?

அம்மாவுக்கு இழுப்பு உண்டு. போன ஐப்பசியில் மேடவாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு டாக்டரிடம் அழைத்துப் போனேன். சிக்னலில் கார் நிற்கும்போதெல்லாம், "டேய், அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் இறக்குடா" என்றார். வெளியே மழை. ஆனாலும் இறக்கத்தான் வேண்டியிருந்தது. நனைந்த துணியை இரண்டு நாள் வாளியிலேயே போட்டுவைத்தால் வருமே, அந்தக் கப்பு. ஏசியைப் போட்டதும் அரை நிமிடம் ஓங்கி அடிக்கும், அப்புறம் அடங்கும், சிக்னலில் நின்றால் மறுபடி கிளம்பும்.

அந்த வாரமே நான்கு இடங்களில் விசாரித்தேன். ஒருவர் "கேஸ் கம்மியா இருக்கு சார், அடிச்சா சரியாயிடும்" என்றார். இன்னொரு இடத்தில் ஓசோன் அடிக்க 1,200 ரூபாய் கேட்டார்கள். மூன்றாமவர் ஏசிக்குள் இருக்கும் கூலிங் காயிலுக்கு நுரை அடித்துக் கழுவ 900 ரூபாய் சொன்னார். நான்காமவர் டேஷ்போர்டை இறக்கித்தான் ஆக வேண்டும், 7,500 ஆகும் என்றார். ஒரே வாடைக்கு நான்கு வைத்தியம். அதற்குப் பிறகு என் காரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் முழுகிய அக்காவின் காரிலும் சேர்த்து, இவற்றில் கேஸ் தவிர எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். எதை முதலில் செய்யலாம், எதற்குப் பணமே கொடுக்கக் கூடாது என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன்.

முதலில், எந்த வாடை?

ஏசி ஓடும்போது வாடை வந்தால் அது ஏசியின் வாடைதான் என்று முடிவுகட்ட முடியாது. பெட்ரோல் வாடை என்றால் காரை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள். பிளாஸ்டிக் கருகும் வாடை என்றால் உடனே அணைத்துவிடுங்கள், காற்றை ஊதும் புளோயரின் மோட்டாரோ வயரிங்கோ சூடேறுகிறது. சைலன்ஸர் புகை உள்ளே வருவதுபோல் இருந்தால் அதில் வாடையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும். அது ஆளைக் கொல்லும். வெல்லப்பாகு மாதிரி தித்திப்பான வாடையும், முன்கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய் பூசியதுபோல் மங்கலும் சேர்ந்து வந்தால் ஹீட்டர் காயிலில், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிகிறது. இந்த நான்குக்கும் இங்கே மருந்து இல்லை, நேராக ஒர்க்‌ஷாப்தான். செத்த எலி வாடை தனி ரகம். புளோயர் கூட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கலாம், கழற்றித் தேடி எடுக்காமல் எதை அடித்தாலும் போகாது.

பெரும்பாலோருக்கு வருவது ஈர வாடை. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் அலுமினியத் தகடுகளை நெருக்கமாக அடுக்கியது. ஏசி ஓடும்போது அது நீர் உறைகிற வெப்பநிலையைவிடச் சில டிகிரிதான் மேலே இருக்கும். நம் கடற்கரை ஊர்களின் புழுக்கக் காற்று அதில் பட்டதும், ஐஸ் மோர் டம்ளர் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, தண்ணீர் கோத்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர் அடியில் உள்ள தட்டில் விழுந்து ஒரு சின்ன டிரெயின் பைப் வழியாகத் தரைக்குப் போக வேண்டும். உள்ளே போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டரைத் தாண்டி வந்த தூசி, இருட்டு, ஈரம் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறிவிடும். சிக்னலில் வாடை கிளம்பியதற்கும் இதுதான் காரணம். காயிலைக் குளிரவைக்கும் கம்ப்ரசர் நின்றதும் காயில் லேசாகச் சூடாகும், ஒட்டியிருக்கும் தண்ணீர் ஆவியாகும், வாடை அதோடு ஏறி வரும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வழிகள் தானாகவே கழன்றுவிடும்.

பெர்ஃப்யூமும் கேஸும்

பெர்ஃப்யூம் வாடையைப் போக்காது, அதன்மேல் இன்னொரு வாடையை ஏற்றும். எலுமிச்சையும் பூஞ்சையும் கலந்து அடிக்கும்போது அம்மாவுக்கு இருமல் அதிகம்தான் ஆனது. கிண்ணத்தில் காபித்தூள், துணிப்பையில் அடுப்புக்கரி இதெல்லாம் சீட்டில் பால் கொட்டிய வாடைக்குக் கொஞ்சம் உதவும், காயில் வரை அவை எட்டாது. வெள்ளிக்கிழமை காருக்குள் சாம்பிராணி காட்டுகிறவர்கள் ஏசியையும் புளோயரையும் அணைத்துவிட்டு, கதவைத் திறந்து வைத்துக் காட்டுங்கள். இல்லையென்றால் புகையின் பிசின் போய் ஈரக் காயிலில் படியும்.

கேஸ் குறைந்தால் குளிர்ச்சிதான் குறையும், ஈர வாடை வராது. குளிர்ச்சி நன்றாக இருக்கும்போது வாடைக்காகக் கேஸ் அடிக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஃபில்டரும் டிரெயின் பைப்பும்

இங்கேதான் தொடங்க வேண்டும். செலவு குறைவு, பெரும்பாலான கார்களில் நாமே செய்துவிடலாம். என் காரில் குளோவ் பாக்ஸைக் காலி செய்து இரண்டு பக்கமும் உள்ளே அழுத்தினால் முன்னால் சாய்ந்து இறங்கும். பின்னால் நீளமாக ஒரு பிளாஸ்டிக் மூடி, அதன் இரண்டு கிளிப்பை விடுவித்தால் ஃபில்டர் கையோடு வரும். வெளுப்பாக இருக்க வேண்டிய மடிப்புக் காகிதம் சாம்பல் நிறத்தில் வந்தது. மடிப்புகளுக்கிடையே வேப்பம்பூக் காம்புகள், கொசு, உடைந்த பல்லிமுட்டை ஓடு ஒன்று. தட்டினால் காய்ந்த மண் கொட்டியது, ஓரம் மட்டும் ஈரமாகக் கறுத்திருந்தது. இந்த வழியாக வந்த காற்றைத்தான் இழுப்புக்காரரின் முகத்துக்கு நேராக விட்டிருக்கிறேன். மனசு கேட்கவில்லை.

பொதுவாக 10,000 முதல் 15,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றலாம். மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் பார்ப்பது நல்லது. புது ஃபில்டரின் விளிம்பில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்துப் பொருத்துங்கள். விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் ஃபில்டரே இருக்காது. அப்படிப்பட்ட காரில் காயில் இன்னும் சீக்கிரம் அடைக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

சாதா ஃபில்டரா, கார்பன் ஃபில்டரா? நான் வாங்கியபோது சாதா 350, கார்பன் 650. பல கார்களில் ஃபில்டர் காயிலுக்கு முன்னால் இருக்கிறது. காற்று முதலில் ஃபில்டரைக் கடந்துதான் காயிலுக்குப் போகும். அதனால் காயிலில் பிறக்கும் வாடையைக் கார்பன் நேராகப் பிடிக்க முடியாது. பெருங்குடி குப்பைக் கிடங்குப் பக்கம் தினமும் போகிறவர்களுக்கும், லாரிப் புகைக்கு நடுவே ஓட்டுகிறவர்களுக்கும் கார்பன் அந்தக் காசுக்குத் தகும். ஈர வாடையை மட்டும் நினைத்து வாங்குவதாக இருந்தால் சாதா போதும்.

ஃபில்டர் மாற்றும்போதே இன்னொன்றையும் பாருங்கள். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தில்தான் வெளிக்காற்று உள்ளே போகும் வாய் இருக்கிறது. அங்கே வேப்பிலையும் தூங்குமூஞ்சிப் பூவும் மட்கிக் கிடந்தால், அந்த மட்கல் வாடைதான் காருக்குள் வரும். கையால் அள்ளிப் போடுங்கள், ஒரு மக் தண்ணீர் ஊற்றி ஓட்டை வழியாக ஓடுகிறதா என்று பாருங்கள்.

டிரெயின் பைப்பைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். புழுக்கமான நாளில் இருபது நிமிடம் ஏசியைப் போட்டு நிறுத்தி, முன்பக்கம் அடியில் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். பல கார்களில் இடப்பக்கமாக, பயணி கால் வைக்கும் இடத்துக்குக் கீழே சொட்டும். சொட்டவில்லை, உள்ளே இடப்பக்க மிதியடி நசநசவென்று இருக்கிறது, திருப்பத்தில் டேஷ்போர்டுக்குள் சளக் சளக் என்கிறது என்றால் பைப் அடைத்திருக்கிறது. அடியிலிருந்து மெல்லிய நைலான் குழாயை விட்டு நெம்பினால் சேறு வந்துவிடும். கம்பியால் குத்த வேண்டாம். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது, ஏனென்று கீழே வருகிறது.

நுரை அடிப்பது

ஃபில்டரும் பைப்பும் சரியான பிறகு என் காரில் வாடை பாதி குறைந்தது. மீதி காயிலிலேயே இருந்தது. அதற்கு நுரைதான் சரியான வழி என்பது என் தீர்மானம், ஆனால் எந்த வழியாக அடிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முந்தைய சர்வீஸில் ஓர் இடத்தில் "ஏசி சானிடைசேஷன்" என்று பில்லில் தனியாகப் போட்டிருந்தார்கள். செய்தது என்ன என்று கண்ணால் பார்த்தேன்: டேஷ்போர்டில் காற்று வரும் நான்கு வாய்களிலும் ஸ்பிரேயைப் பீய்ச்சினார்கள். இரண்டு நாள் மணமாக இருந்தது, பன்னிரண்டாம் நாள் பழைய கப்பு வந்துவிட்டது. அந்த வாய்களுக்கும் காயிலுக்கும் நடுவே நீளமான குழாயும் திறந்து மூடும் தடுப்புகளும் இருக்கின்றன. மருந்து குழாய்ச் சுவரில் படிந்ததே தவிர காயிலைத் தொடவில்லை.

மருந்து காயிலைத் தொட வேண்டும் என்றால் புளோயர் பக்கமாகவோ டிரெயின் பைப் வழியாகவோ போக வேண்டும். பல்லாவரத்தில் ஒரு சின்ன ஏசி கடையில் செய்துகொண்டேன். அந்த அண்ணன் குளோவ் பாக்ஸுக்கு அடியில் மூன்று ஸ்க்ரூவைக் கழற்றிப் புளோயரை இறக்கினார். "சார், இங்க வந்து நீங்களே பாருங்க" என்று செல்போன் டார்ச்சை அடித்துக் காட்டினார். தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒரு படலம், அடி ஓரத்தில் வழவழப்பாகக் கறுப்பு. தளர்ந்த தூசியைப் பிரஷ்ஷால் மெதுவாக எடுத்துவிட்டு, டின்னில் மாட்டிய நீளக் குழாயைக் காயில் முகத்துக்கு நேராகக் கொண்டுபோய் மேலிருந்து கீழ் வரை நுரையை நிரப்பினார். பதினைந்து நிமிடம் விட்டோம். காருக்கு அடியில் சொட்ட ஆரம்பித்தது. முதல் சொட்டுகள் முதல் டிகாக்‌ஷன் நிறம், கடைசியில்தான் தெளிந்தது. வெந்நீரல்ல, சாதாத் தண்ணீரையே கைஸ்பிரேயில் அடித்து அலசினார், மறுபடி ஒருமுறை நுரை. முழுக்க ஒரு மணி நேரம், 900 ரூபாய்.

டிரெயின் பைப்பை முதலில் பார்க்கச் சொன்னதன் காரணம் இதுதான். நுரை கரைந்து தண்ணீராகி அந்த வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அடைத்திருந்தால் அழுக்கோடு சேர்ந்து கார்பெட்டில் இறங்கும்.

நாமே வீட்டில் அடிக்கலாமா? புளோயரைக் கழற்றத் தெரிந்தால் அடிக்கலாம். அலுமினியத்துக்கு ஒத்துக்கொள்ளும் ஏசி காயில் நுரையை மட்டும் வாங்குங்கள். பிளீச்சிங் கரைசலும் ஆசிட் கிளீனரும் தகட்டை அரித்துவிடும், அப்புறம் வாடை போய்க் கேஸ் லீக் வரும். மோட்டாரிலும், அதன் வேகத்தை மாற்றும் ரெசிஸ்டரிலும் நுரை படாமல் பாருங்கள்.

கடையில் இன்னொரு வகை டின்னும் கிடைக்கிறது. கார் நடுவே வைத்து, பட்டனை அழுத்திப் பூட்டி, கண்ணாடிகளை மூடி, உள்காற்றே சுற்றிவரும் ரீசர்குலேஷனில் ஏசியை ஓடவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். லேசான வாடைக்கும், நுரை அடித்த பிறகு குழாய்களுக்குள் மிச்சமிருக்கும் வாடைக்கும் இது பயன்படும், கெட்டியான படலத்தை இது கரைக்காது. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. இப்படிப்பட்ட டின்கள் பலவற்றில் இருக்கும் உந்துவாயு தீப்பற்றக்கூடியது. 2018 டிசம்பரில் ஜப்பானின் சப்போரோ நகரில் ஒரு அலுவலகத்துக்குள் வாடைநீக்கி ஸ்பிரே டின்களை நூற்றுக்கும் மேல் காலி செய்துவிட்டு வெந்நீர் ஹீட்டரைப் பற்றவைத்ததில் கட்டடமே வெடித்து நாற்பது பேருக்கு மேல் காயம்பட்டார்கள். நாம் அடிப்பது ஒரே ஒரு டின்தான். என்றாலும் டின்னில் உள்ள குறிப்பைப் படித்துவிட்டுச் செய்யுங்கள், முடிந்ததும் எல்லாக் கதவையும் திறந்து போடுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் ஆகாது.

ஓசோன்

அக்காவின் காருக்கு வெள்ளம் வடிந்த பிறகு முதலில் செய்தது இதுதான். ஓசோன் வாயுவை உண்டாக்கும் ஒரு பெட்டியைச் சீட்டில் வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டார்கள். திறந்தபோது ஜெராக்ஸ் கடை வாடை, ஈர நாற்றம் சுத்தமாக இல்லை. ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஓசோன் காற்றில் மிதப்பதையும் மேற்பரப்பில் இருப்பதையும் ஆக்சிஜனேற்றம் செய்யும். சேற்றுக்கு அடியில், படலத்துக்கு உள்ளே இருப்பதை அது தொடாது.

இழுப்பு உள்ளவர்கள் வீட்டில் ஓசோனை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. அமெரிக்காவில் தொழிலிடங்களில் எட்டு மணி நேரச் சராசரி வரம்பே பத்து லட்சத்தில் 0.1 பங்குதான். உடம்புக்குக் கேடில்லாத அளவில் வைத்தால் ஓசோன் வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்யப் பெரிதாக உதவாது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே சொல்கிறது. அடிக்கடி அடித்தால் ரப்பரும் விரிசல் விடும். காயிலைக் கழுவி முடித்த பிறகும், முன்பிருந்தவர் பிடித்த சிகரெட் வாடை சீட்டில் தங்கியிருக்கும் பழைய காருக்கு ஒரே ஒருமுறை அடித்து, அன்று முழுக்கக் கதவைத் திறந்துவைக்கலாம். அவ்வளவுதான்.

டேஷ்போர்டை இறக்குவது

மூன்று சமயங்களில்தான் இதற்குத் தலையாட்டுவேன். வெள்ளத்தில் தண்ணீர் ஏசி பெட்டி உயரத்துக்கு ஏறியிருந்தால். காயிலே கசிந்து மாற்ற வேண்டியிருந்தால். புளோயர் வழியாகக் கை எட்டாத இடத்தில் எலி செத்திருந்தால். அக்காவின் கார் முதல் ரகம். இறக்கிப் பார்த்தபோது காயிலின் கீழ்ப்பாதி செங்கல் மாதிரி வண்டல் மண்ணால் அடைத்திருந்தது. எந்த நுரையும் அதைக் கரைத்திருக்காது.

ஆனால் என்னென்ன கழற்றுகிறார்கள் என்று தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். பேட்டரி இணைப்பை எடுக்க வேண்டும், ஏர்பேகைப் பிரிக்க வேண்டும், பல கார்களில் ஸ்டியரிங் வீலும் கழலும். கேஸை மெஷினில் இழுத்துவைத்து, திரும்பப் பூட்டும்போது இணைப்புகளின் ரப்பர் வளையங்களை (ஓ-ரிங்) புதிதாகப் போட்டு, குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி வேக்கம் பிடித்துத்தான் நிரப்ப வேண்டும். அக்கா காருக்கு ஒன்றரை நாள் ஆனது. திரும்பி வந்த கார் ஸ்பீடு பிரேக்கரில் வலப்பக்கம் கடகடவென்றது. ஒரு கிளிப் உடைந்திருந்தது, மறுபடி கொண்டுபோய்ச் சரிசெய்தோம். ஏழு வருடக் காரின் பிளாஸ்டிக் கிளிப்புகள் வெயிலில் காய்ந்தவை, கழற்றினால் ஒன்றிரண்டு போகத்தான் செய்யும். சாதாரண ஈர வாடைக்காக இந்தப் பாட்டைக் காருக்குக் கொடுக்க வேண்டாம். யாராவது முதலிலேயே டேஷ்போர்டை இறக்கச் சொன்னால், "புளோயரை எடுத்துக் காயிலைக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

இன்னொன்று, வெள்ளக் காரில் பாதி வாடை ஏசியிலேயே இல்லை. கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் மெத்தை தண்ணீரைக் குடித்து மாதக்கணக்கில் வைத்திருக்கும். அக்கா வீட்டு மொட்டை மாடியில் கார்பெட்டை மூன்று நாள் காயவைத்தோம். அடி மெத்தையைக் காப்பாற்ற முடியவில்லை, புதிதாகப் போட்டோம். அதன் பிறகுதான் கார் காராக ஆனது.

கழுவியதைக் காயவைப்பது

எதைச் செய்தாலும் காயிலை ஈரமாகவே விட்டுப் பூட்டினால் சில மாதத்தில் பழைய கதைதான். வீடு வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஏசி பட்டனை மட்டும் அணைத்து, புளோயரை வேகமாக வைத்து, வெளிக்காற்று உள்ளே வருமாறு மாற்றிவிடுங்கள். எனக்கு மேடவாக்கம் சிக்னல்தான் அடையாளம், அங்கே கை தானாகப் போகிறது. ஹூண்டாய், கியா நிறுவனங்களின் சில புதிய மாடல்களில் காரை நிறுத்திய பிறகு புளோயர் தானே ஓடிக் காயிலைக் காயவைக்கும் வசதி இருக்கிறது. புதுக் கார் பார்க்கிறவர்கள் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஹீட்டரைப் போட்டால் காயில் காய்ந்துவிடும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். காற்று கூலிங் காயிலைத் தாண்டிய பிறகுதான் ஹீட்டர் காயிலுக்குப் போகிறது. எனவே வெளிக்காற்றில் வைத்து ஹீட்டர் போட்டால் சூடு கூலிங் காயிலைத் தொடாது. ரீசர்குலேஷனில் வைத்து, கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டு ஓட்டினால் உள்ளே சூடான காற்று சுற்றி வந்து காயிலில் படும். ஐப்பசி கார்த்திகையில் வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது வாரம் ஒருமுறை பத்து நிமிடம் இப்படிச் செய்கிறேன். பூஞ்சையைக் கொல்லும் அளவுக்குச் சூடு வராது, ஈரம் மட்டும் போகும்.

தினமும் ஓடும் ஊர்க்கார் வைத்திருப்பவருக்கு என் கணக்கு இது: ஃபில்டர் 350, டிரெயின் பைப்புக்குக் கைவேலை, புளோயரைக் கழற்றி நுரைக்கு 900. மொத்தம் 1,250 ரூபாய். பழைய கார் வாங்கப் போகிறவர் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய் ஏசியைப் போட்டு முதல் அரை நிமிடக் காற்றை முகர்ந்து பாருங்கள். இடப்பக்க மிதியடியைத் தூக்கிக் கையால் அழுத்துங்கள். ஈரமும் மண்ணும் தட்டுப்பட்டால் அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது.

நுரை அடித்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் ஃபில்டரை எடுத்துப் பார்த்தேன், லேசான தூசிதான், ஓரம் காய்ந்திருந்தது. விளிம்பில் பேனாவால் தேதியையும் 61,300 கிலோமீட்டரையும் எழுதித் திரும்பச் சொருகினேன். அன்று சாயங்காலம் தாம்பரம் போனபோது அம்மா பின்சீட்டில் தூங்கிவிட்டார், மேடவாக்கம் சிக்னலில்கூட விழிக்கவில்லை.